7. கடலோரத்துப் பழைய வீடு: முன்பணம் கொடுக்கும்வரை

தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம், புதுச்சேரியின் தமிழர் தெருக்கள். இந்தக் கரையில் திண்ணையும் முற்றமும் வைத்த ஒரு வீடு விலைக்கு வந்தால் பெரும்பாலும் இப்படித்தான் வரும்: பெரியவர்கள் காலமாகியிருப்பார்கள், பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ பாரிஸிலோ இருப்பார்கள், சாவி பக்கத்து வீட்டில் இருக்கும். போய்ப் பார்ப்பீர்கள். தேக்குத் தூண், செதுக்கிய நிலைக்கதவு, முற்றத்தில் விழும் வெயில், பின்கட்டில் கிணறு. அங்கேயே மனத்துக்குள் ஊஞ்சல் மாட்டிவிடுவீர்கள். தரகர் முன்பணத்தைப் பற்றிப் பேச்செடுப்பது அந்த நிமிஷத்தில்தான்.

இந்த அத்தியாயத்தின் வேலை அந்த முன்பணத்தைத் தள்ளிப்போடுவது. பார்க்க வேண்டிய வரிசை: முதலில் உரிமையாளர்கள், அடுத்து மனை, பிறகு கூரை, அதன்பின் ஓதம், கடைசியில் விலை. பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். சுவர்ப் பழுது பணத்தோடு முடியும். கூரைப் பழுது பெரும்பணத்தோடு முடியும். கையெழுத்துப் போடாத ஓர் அத்தையின் பங்கு, பணம் கொடுத்தாலும் முடியாமல் போகலாம்.

படி 1: வீட்டுக்காரர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள்

“எல்லாம் பேசியாச்சு சார், அண்ணன் ஒருத்தர் கையெழுத்துப் போட்டாப் போதும்” என்று சொல்லுவார்கள். போதாது. ஒரு வெள்ளைத்தாளில் குடும்பக் கொடிவழியை வரையுங்கள். வீட்டை வாங்கியவரோ கட்டியவரோ யார், அவருடைய பிள்ளைகள், இறந்த பிள்ளைகளின் மனைவி மக்கள் என்று கீழே இறங்கி வாருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ‘இருக்கிறார்’, ‘இல்லை’, ‘வெளிநாடு’, ‘மைனர்’ என்று குறியுங்கள். இந்த ஒரு தாள் பல வழக்குகளை மிச்சம் பிடிக்கும்.

1. இந்துக் குடும்பமானால் பெண்மக்களை விட்டுவிடாதீர்கள். தந்தையின் சொந்தச் சொத்தில், அவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், மகளுக்கும் மனைவிக்கும் தாய்க்கும் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே மகனுக்குச் சமமான பங்கு உண்டு. பூர்வீகச் சொத்திலும் மகளுக்குச் சம உரிமை என்பதை 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் நாடு முழுவதற்கும் ஆக்கியது. “அக்காவுக்கு அப்பவே சீர் செஞ்சாச்சு” என்பது பதிவு அலுவலகத்தில் செல்லாத வாசகம். அக்கா விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிந்திருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

2. நாகூர், காரைக்கால் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களில் பங்கு ஷரீஅத் கணக்கில் பிரியும். மனைவி, தாய், மகள் எல்லோரும் பங்காளிகள். ஒருவர் கையெழுத்து விட்டுப்போனாலும் அவர் பங்கு உங்களுக்கு வந்து சேராது.

3. புதுச்சேரி, காரைக்காலில் பிரெஞ்சுக் காலத்து நோத்தேர் பத்திரங்கள் பிரெஞ்சு மொழியில் இருக்கும். சில குடும்பங்களுக்கு வாரிசுரிமையே பிரெஞ்சுச் சட்டப்படி நடந்திருக்கும். இங்கே சென்னை வக்கீலை அழைத்து வராதீர்கள். அந்த ஊரிலேயே தொழில் செய்யும் வழக்கறிஞரைப் பிடியுங்கள்.

4. மைனர் பங்கு இருந்தால் நீதிமன்ற அனுமதி வேண்டும். “அம்மா கையெழுத்துப் போட்டுருவாங்க” என்பதை நம்பி இறங்க வேண்டாம்.

5. பவர் பத்திரத்தின் பேரில் விற்கிறார்களா? பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்குச் சான்று கேளுங்கள். முடிந்தால் வீடியோ அழைப்பில் அவரிடமே பேசுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பவர் என்றால், அது தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று, இந்தியாவுக்கு வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

வாரிசுச் சான்று தாலுகா அலுவலகத்தில் வாங்கியதாக இருக்கட்டும். அதிலுள்ள பெயர்களையும் நீங்கள் வரைந்த கொடிவழியையும் ஒப்பிடுங்கள். தாளில் இருக்கும் ஒருவர் சான்றில் இல்லையென்றால் அங்கேயே நில்லுங்கள்.

படி 2: மனை யாருடையது?

கட்டடம் குடும்பத்துடையது, அடிமனை கோயிலுடையது என்ற நிலை காவிரிக் கடைமடை ஊர்களில் சாதாரணம். சில இடங்களில் மடம், சில இடங்களில் தர்கா அல்லது வக்பு. குடும்பம் தலைமுறையாகப் பகுதி (மனை வாடகை) கட்டி வாழ்ந்திருக்கும், வீட்டு வரி அவர்கள் பெயரில் இருக்கும், மின் இணைப்பும் அவர்கள் பெயரில் இருக்கும். ஆனால் மனையை அவர்களால் விற்க முடியாது. வீட்டு வரி ரசீது உரிமைப் பத்திரம் அல்ல என்பதை இங்கே அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

கேட்க வேண்டிய தாள்கள்:

- மூலப் பத்திரமும் அதிலிருந்து இன்றுவரை வந்த எல்லாப் பத்திரங்களும். நகல் மட்டும் காட்டினால் மூலம் எந்த வங்கியில் இருக்கிறது என்று கேளுங்கள்.
- வில்லங்கச் சான்று. இணையத்தில் கிடைக்கும் ஆண்டுகளோடு நிறுத்திவிடாதீர்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துக் கையால் தேடச் சொல்லுங்கள்.
- பட்டா. ஊர் நத்தமானால் நத்தம் பட்டா, நகரமானால் நகர நில அளவைப் பதிவேட்டு நகல். கூடவே புலப்படம்.
- பழைய வீட்டு வரி ரசீதுகள், எவ்வளவு பழையதோ அவ்வளவு நல்லது. ஏன் என்பது அடுத்த படியில்.

பழைய பத்திரங்கள் நான்கெல்லை சொல்லும். அளவை முழத்திலும் கஜத்திலும் தரும். டேப்பை எடுத்துக்கொண்டு கிழமேல், தென்வடல் இரண்டையும் நீங்களே அளந்து பாருங்கள். வரிசை வீடுகளில் பக்கச்சுவர் பொதுச்சுவராக இருக்கும். அந்தச் சுவரில் உத்திரம் ஏற்றும் உரிமை யாருக்கு, முற்றத்துத் தண்ணீர் எந்த வீட்டு வழியாக வெளியேறுகிறது, கிணறு பொதுக்கிணறா என்ற மூன்றையும் பத்திரத்திலும் தேடுங்கள், பக்கத்து வீட்டாரிடமும் கேளுங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்லும் தகவல் பல நேரம் பத்திரத்தைவிடத் தெளிவாக இருக்கும். காப்பி கொடுத்தால் மறுக்காமல் உட்காருங்கள்.

படி 3: கடல் விதிகள்

கடற்கரைக்குப் பக்கம் என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டலம் குறுக்கே வரும். இந்த விதி முதலில் 1991 பிப்ரவரி 19-இல் வந்தது. பிறகு 2011-இலும் 2019-இலும் மாற்றி எழுதப்பட்டது. பொதுவாக உயர் அலைக்கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 500 மீட்டர் வரை இதன் பிடிக்குள் வரும். கடலிலிருந்து தள்ளியிருக்கும் வீட்டுக்காரர்கள் மறப்பது ஒன்று: கடல்நீர் ஏறி இறங்கும் ஆற்று முகத்துவாரம், கழிமுகம், உப்பங்கழி ஓரங்களுக்கும் இந்த விதி உண்டு.

ஏற்கெனவே வளர்ந்த நகரப் பகுதியும் கிராமப் பகுதியும் வேறு வேறு வகை. நகரப் பகுதியில் இடம் கொஞ்சம் தாராளம். கிராமப் பகுதியில் கட்டடம் கூடாத பட்டை ஒன்று உண்டு. 2011 அறிவிக்கையில் அது 200 மீட்டர். மக்கள் அடர்ந்த கிராமங்களுக்கு 2019 அறிவிக்கை அதை 50 மீட்டராகக் குறைத்தது. உங்கள் மாவட்டத்துக்கு இப்போது எந்த வரைபடம் நடைமுறையில் இருக்கிறது என்று மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தில் கேட்டு, அதில் சர்வே எண்ணை வைத்துப் பாருங்கள். தரகர் கைப்பேசியில் காட்டும் படம் கணக்கில் சேராது.

பழைய வீட்டுக்கு இதில் ஒரு சாதகம் இருக்கிறது. முறையாக இருந்துவந்த கட்டடத்தை அதே அடித்தளப் பரப்புக்குள், அதே பயன்பாட்டுக்குப் பழுதுபார்க்கவும் திருப்பிக் கட்டவும் விதி இடம் தருகிறது. அப்போது கேள்வி, இந்த வீடு விதி வருமுன்பே இருந்ததா என்பதாகிவிடும். பதில் சொல்வது அந்த மஞ்சளேறிய வரி ரசீதுகள். வீட்டை இடித்துவிட்டு மூன்று மாடி ஹோம்ஸ்டே கட்டலாம் என்று நினைப்பவர்கள் இந்த அத்தியாயத்தை இங்கேயே மூடிவிட்டு வேறு மனை தேடலாம்.

ஆழ்துளைக் கிணறு போடுவதற்கும் கரையோரப் பகுதிகளில் கட்டுப்பாடு உண்டு. முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

இன்னொரு கோடும் உண்டு. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டர் தடைப்பகுதி. அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதி. தரங்கம்பாடி டேனிஷ் கோட்டை போன்றவை மாநிலத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருப்பவை. அவற்றுக்கு மாநில விதிகள். பக்கத்தில் கோட்டையோ பழங்கோயிலோ இருந்தால் அது எந்தத் துறையிடம் இருக்கிறது என்று விசாரிப்பதிலிருந்து தொடங்குங்கள்.

படி 4: வீட்டுக்குள் போவது

விற்பவர்கள் தையிலும் மாசியிலும் கூப்பிடுவார்கள். சுவர் காய்ந்திருக்கும், வெள்ளையடித்திருக்கும். நீங்கள் ஐப்பசி, கார்த்திகையில் போங்கள், நல்ல மழை பெய்து முடிந்த மறுநாள். வடகிழக்குப் பருவம் இந்த வீடுகளைப் பற்றி எதையும் மறைக்காது. மழைக்காலம்வரை காத்திருக்க முடியாதென்றால் ஒரு முறையாவது அதிகாலையிலும் ஒரு முறை இரவிலும் பாருங்கள்.

கையில் எடுத்துக்கொள்ள வேண்டியவை: நல்ல டார்ச், நீள ஸ்க்ரூடிரைவர், தூக்குக்குண்டு, டேப், பென்சில், முகக்கவசம், கெட்டி அடியுள்ள ஷூ, இன்னொரு ஆள்.

பாதுகாப்பு, முதலில்:

1. பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தவுடன் உள்ளே நுழையாதீர்கள். எல்லாக் கதவு சன்னல்களையும் திறந்து அரைமணி நேரம் வெளியே இருங்கள். வௌவால், குளவி, பாம்பு மூன்றும் பின்கட்டிலும் விறகு அறையிலும் இருக்கலாம்.
2. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு டார்ச்சோடு பாருங்கள். மரப்பட்டிக்குள் ஓடும் பழைய ஒயரில் உறை உதிர்ந்திருக்கும், எர்த் இருக்காது. ஈரச்சுவரில் கை வைத்தாலே ஆபத்து.
3. மாடித் தளத்தில் கீழிருந்து பார்க்காமல் ஏறாதீர்கள். கீழே உத்திரம் நன்றாக இருப்பதைக் கண்ட பிறகே மேலே. ஏறினாலும் சுவரை ஒட்டி நடங்கள், நடுவில் நிற்க வேண்டாம்.
4. கிணற்றிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் யாரையும் இறக்காதீர்கள். விஷவாயு ஆளைத் திரும்பி வரவிடாது.
5. பின்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருந்தால் உடைக்கவோ துளைக்கவோ கூடாது. பழைய பெயிண்டைக் காய்ந்த நிலையில் தேய்க்கக் கூடாது. அதில் ஈயம் இருக்கலாம்.

படி 5: கூரை

பணம் இங்கேதான் போகும். அதனால் அதிக நேரமும் இங்கேதான்.

ஓட்டுக்கூரையானால் அறையை இருட்டாக்கிவிட்டு அண்ணாந்து பாருங்கள். வெளிச்சப் புள்ளிகள் தெரியும் இடமெல்லாம் மழை இறங்கும் இடம். உடைந்த ஓடு பெரிய செலவில்லை. ரீப்பரும் கைமரமும் நேராக இருக்கின்றனவா என்பதுதான் விஷயம். தெருவில் நின்று கூரையின் முகட்டைப் பாருங்கள். முகடு நடுவில் தொய்ந்திருந்தால் உள்ளே ஏதோ உளுத்திருக்கிறது. நாட்டு ஓடானால் மழைக்கு முன் ஓடு பிரித்து அடுக்கும் வேலை தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். அந்த வேலை தெரிந்தவர்கள் அந்த ஊரில் இன்னும் இருக்கிறார்களா என்று வாங்குவதற்கு முன்பே விசாரியுங்கள். 2011-இல் தானே புயல், 2018-இல் கஜா. அந்தப் புயல்களுக்குப் பிறகு கூரையில் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். “ஒண்ணும் ஆகலை” என்று சொல்பவரிடம் மறுபடியும் கேளுங்கள்.

மெட்ராஸ் டெரஸ் என்றால் வேறு வேலை. வரிசையாகத் தேக்குச் சட்டங்கள். அவற்றின் மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துக்கல்லாகக் குறுக்காக அடுக்கி, அதன் மேல் சுண்ணாம்புக் கலவைத் தளம், மேலே ஓடு பதித்திருப்பார்கள். சரியாகப் பேணினால் நூற்றாண்டு தாண்டும். பார்க்க வேண்டியது சட்டம் சுவருக்குள் நுழையும் முனையை. நடுப்பகுதி பளபளவென்று இருக்கும். முனைதான் ஈரத்தில் ஊறி உளுத்திருக்கும். ஸ்க்ரூடிரைவரால் முனையருகே குத்திப் பாருங்கள். அரை அங்குலத்துக்கு மேல் எளிதாக இறங்கினால் அந்தச் சட்டம் போனது. எல்லாச் சட்டத்தையும் குத்துங்கள், போனவற்றைச் சுண்ணாம்புக் கட்டியால் குறியிட்டு எண்ணுங்கள். கரையான் மண்கோடுகளையும் அப்போதே தேடலாம்.

சில வீடுகளில் மரத்துக்குப் பதில் இரும்பு கர்டர் போட்டிருப்பார்கள். உப்புக்காற்றில் இரும்பு துருவேறிப் பருக்கும், பருத்துச் சுவரைப் பிளக்கும். அதைவிட மோசம், பிற்காலத்தில் ‘புதுப்பிக்கிறோம்’ என்று சேர்த்த காங்கிரீட் சன்ஷேடும் பால்கனியும். நூறாண்டுச் சுவர் நிற்கும், முப்பதாண்டுக் காங்கிரீட் கம்பி தெரிய உதிர்ந்து தலைமேல் தொங்கும். அதன் கீழே நின்று விலை பேசாதீர்கள்.

படி 6: ஓதமும் உப்பும்

முதலில் வாசற்படிகளை எண்ணுங்கள். பழைய புகைப்படத்தில் திண்ணைக்கு ஏறப் படிகள் இருந்து, இன்று தெருவிலிருந்து நேரே உள்ளே கால் வைக்க முடிகிறதா? தெருவில் தார் மேல் தாராகப் போட்டு உயர்த்தியிருக்கிறார்கள் என்று பொருள். தெருத் தண்ணீர் உள்ளே வரும், அடிச்சுவர் வருடம் முழுதும் ஈரத்தில் நிற்கும். இதற்குச் சுவரில் மருந்து கிடையாது. வடிகால் வெட்ட வழியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வழியில்லையென்றால் எனக்கு அந்த வீட்டில் ஆர்வம் பாதி குறைந்துவிடும்.

சுவரில் வெள்ளையாகப் பூத்திருப்பது உப்பா பூஞ்சையா? கொஞ்சம் சுரண்டி ஒரு தம்ளர் தண்ணீரில் போடுங்கள். கரைந்தால் உப்பு. தரையிலிருந்து ஏறும் ஓதம் பொதுவாக இடுப்புயரத்தை ஒட்டி நின்றுவிடும். அதற்கு மேலே ஈரம் என்றால் கூரையோ குழாயோ காரணம்.

அடுத்து, சுவரை விரல்முட்டியால் தட்டிக்கொண்டே நடங்கள். பொள்ளென்று சத்தம் கேட்கும் இடத்தில் பூச்சு சுவரைவிட்டுப் பிரிந்திருக்கிறது. இடுப்புயரம்வரை சாம்பல் நிறத்தில் கெட்டியாகப் பூசியிருந்தால் அது சிமெண்ட்.

அடிக்கடி நடக்கும் தவறு: ஓதத்தை மறைக்கச் சிமெண்ட் பூசி, டைல்ஸ் ஒட்டி, எனாமல் அடிப்பது. நாட்டுச் செங்கல்லும் சுண்ணாம்பும் ஈரத்தை வாங்கி வெளியே விடும் இயல்புள்ளவை. சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடும். உள்ளே சிக்கிய ஈரம் இன்னும் மேலே ஏறும். உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி அதை மாவாக்கும். சிமெண்ட் பூசிய வீட்டை ஒதுக்க வேண்டியதில்லை. அதை உரித்துச் சுண்ணாம்பு பூசும் செலவை விலையில் கழியுங்கள்.

வெடிப்புகளில் எல்லாம் பயப்பட வேண்டாம். பூச்சில் சிலந்திவலை போல ஓடுபவை தொல்லையில்லை. சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறி, மேலே போகப்போக அகலமாவது கவலைக்குரியது. இரு சுவர் சேரும் மூலை விலகி நிற்பதும் அப்படியே. வெடிப்பின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். அடுத்த முறை வரும்போது கோட்டைத் தாண்டியிருக்கிறதா பாருங்கள். தூக்குக்குண்டு விட்டுச் சுவர் வயிறு தள்ளியிருக்கிறதா என்றும் பாருங்கள். தள்ளியிருந்தால் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் வந்து பார்க்காமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம். சுண்ணாம்புக் கட்டடத்தில் வேலை செய்தவராகத் தேடுங்கள். மற்றவர்கள் “இடிச்சிடலாம் சார்” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

கிணற்று நீரைச் சோதனைக்கூடத்தில் கொடுங்கள், கோடையின் முடிவில் எடுத்த நீராக இருந்தால் நல்லது. கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை குடிக்க ஏற்றது என்பது இந்தியத் தர நிர்ணயம். வேறு ஆதாரம் இல்லாத இடத்தில் 2000 வரை. அதற்கு மேலிருக்கும் நீரைப் பூச்சு வேலைக்கும் பயன்படுத்தாதீர்கள். உப்பை நீங்களே சுவருக்குள் ஏற்றுவதாகிவிடும்.

படி 7: விலை

கட்டடத்துக்கு மதிப்பே இல்லை, மனைக்கு மட்டும் விலை என்று வாங்குபவர் தரப்பு சொல்லும். பர்மா தேக்கு, ஆத்தங்குடித் தரை, ‘ஹெரிட்டேஜ்’ என்று விற்பவர் தரப்பு சொல்லும். இரண்டையும் காதில் வாங்காமல், மேலே எண்ணிய போன சட்டங்கள், உரிக்க வேண்டிய சிமெண்ட், புது ஒயரிங், கழிவறை ஆகியவற்றுக்கு உள்ளூர்க் கொத்தனாரிடமும் தச்சரிடமும் எழுத்தில் மதிப்பு வாங்குங்கள். அதோடு எதிர்பாராத செலவுக்கு ஒரு கணிசமான தொகை சேருங்கள். பழைய வீட்டில் பூச்சை உரித்தால்தான் பாதிச் செய்தி தெரியும்.

தமிழ்நாட்டில் கிரையத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். புதுச்சேரி, காரைக்காலில் கணக்கு வேறு. விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேலென்றால் 1 சதவீதம் வரி பிடித்து நீங்கள்தான் கட்ட வேண்டும். விற்பவர்களில் ஒருவர் வெளிநாடுவாழ் இந்தியரானால் பிடித்தம் இதைவிடக் கூடுதல், தொகை வரம்பும் கிடையாது. ஆடிட்டரைக் கேட்காமல் அவருக்குப் பணம் அனுப்பாதீர்கள். வங்கிக் கடன் நம்பியிருந்தால் முதலிலேயே வங்கி மதிப்பீட்டாளரை அழைத்து வாருங்கள். பழைய கட்டடத்துக்குக் கடன் தரப் பல வங்கிகள் தயங்கும்.

படி 8: ஒப்பந்தம்

இதற்குள் வழக்கறிஞரின் கருத்துரை எழுத்தில் கையில் இருக்க வேண்டும். செய்தித்தாளில் பொது அறிவிப்புக் கொடுத்து, ஆட்சேபம் சொல்ல நாள் குறித்து, அந்த நாள் கடந்த பிறகு உட்காருங்கள்.

1. எல்லா வாரிசுகளும் ஒப்பந்தத்திலேயே கையெழுத்துப் போடட்டும். “பதிவன்னிக்கு வந்துருவாங்க” வேண்டாம்.
2. ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். முன்பணம் வங்கி வழியாக மட்டும், அவரவர் பங்குக்கு அவரவர் கணக்கில்.
3. குடியிருப்பவர், கடை வைத்திருப்பவர், திண்ணையில் நெடுங்காலமாக இஸ்திரிப் பெட்டி வைத்திருப்பவர் உட்பட எல்லோரும் காலி செய்வது யார் பொறுப்பு என்று எழுதுங்கள்.
4. தூண்கள், கதவுகள், சன்னல்கள், ஊஞ்சல் சங்கிலி, மாடப்பிறை விளக்கு, கிணற்று ராட்டினம், ஆட்டுக்கல் எல்லாவற்றையும் படமெடுத்து, எண்ணிட்டு, ஒப்பந்தத்தோடு பட்டியலாக இணைத்து இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். பழம்பொருள் வியாபாரிகள் வீடு கைமாறப் போகும் செய்தியை உங்களுக்கு முன்பே அறிந்திருப்பார்கள். நிலைக்கதவு இருந்த இடத்தில் பிளைவுட் நிற்பதைப் பதிவு முடிந்து சாவி வாங்கும்போது பார்த்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை.
5. பதிவு நாளன்று காலையில், அலுவலகத்துக்குப் போகுமுன், அந்தப் பட்டியலோடு வீட்டை ஒரு சுற்று சுற்றி வாருங்கள்.